உங்களுக்குத் தெரியுமா? கீற்றுப் போர்வையின் அடித்தாள்

1930-களின் பொருளாதார மந்தத்தில் வறுமையுற்ற அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள், விரலகலமே தேறும் துணிக்கீற்றுகளையும் எறிந்துவிட மனமின்றி, அவற்றை ஒன்றையடுத்து ஒன்றாகத் தைத்துக் கில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வைகளை உருவாக்கியபோது, கீற்றுகள் இழுபட்டுக் கோணாதிருக்க அடியில் ஆதாரமாக வைத்துத் தைத்தது பெரும்பாலும் பழைய செய்தித்தாளையும், தபால் வழி வியாபாரிகளின் விலைப்பட்டியல் ஏடுகளையுமே. தையலை நெருக்கமாகப் போட்டால், ஊசித்துளைகளின் வழியே காகிதம் சிரமமின்றிக் கிழிந்து வந்துவிடும். ஆயினும் அச்சுமை வெண்துணியில் கறையாக ஏறுவது அதிலுள்ள தோஷம்.

வெளுக்காத காடாத்துணியை ஆதாரமாகக் கொண்டாலோ, கிழிக்கும் வேலை இல்லை. இழையோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய கீற்றும் நிலைபெயராது. ஆனால் அத்துணி உள்ளேயே தங்கிப் போர்வையின் பாரத்தைக் கூட்டுவதோடு, முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிக்கொள்ளாதவரை முதல் சலவையிலேயே வருந்த வைக்கும்.

வேலை பாதியில் நின்றுபோன சில போர்வைகளில் காகிதம் அகற்றப்படாமலே எஞ்சியிருப்பதுண்டு (சோம்பலும் சில சமயம் சரித்திரத்துக்கு உபகாரம் செய்கிறது!), அதில் அச்சாகியுள்ள தேதியைக் கொண்டே, அப்போர்வை அந்நாளுக்கு முற்பட்டதன்று என ஆராய்ச்சியாளர் நிர்ணயிக்கின்றனர்.