அயல்நாடு செல்வோரும் வீடும் காரும்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் பழமொழி. சொந்த ஊரில் வீடு அமைப்பதே அத்துணைக் கடினமானது. அங்ஙனமிருக்க, கடல் கடந்து சென்று பிறிதொரு நாட்டில் வீடும் காரும் வாங்க முற்படுவோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இதை ஆராயும் நிலை என் வீட்டிலேயே எனக்கு ஏற்பட்டது. பொறியியல் பயின்ற என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. மனைவியுடன் புறப்படுமுன் ஒருநாள் மாலை, "அப்பா, இந்த வீட்டை விற்றுவிட்டால் அங்கே ஒரு வீடும் காரும் வாங்கிவிடலாம். வாடகை கொடுப்பது வீண்தானே?" என்றான். அடையாறு சாஸ்திரி நகரில் என் தந்தையார் கட்டிய வீடு அது. எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. "ஒரு மாதம் பொறு, கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தவன் வேறென்ன சொல்வான்?

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் பரப்பு 750 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே வாழ்வோரோ ஏறக்குறைய 60 லட்சம் பேர். ஆகவே நிலத்தை அரசு தன் கைக்குள் வைத்துக் காத்துவருகிறது. 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அந்நாட்டில் நிலையாக வாழ்வோரில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் இக்கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளிலேயே குடியிருக்கின்றனர். அவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியவை. நம்மூரில் பட்டா பெற்ற மனையைப்போல் அவை தலைமுறை தலைமுறையாக வருவன அல்ல.

இவ்வீடுகளை எல்லாரும் வாங்கிவிட முடியுமா? முடியாது. புதிய வீட்டைக் கழகத்திடமிருந்து நேரே பெறும் உரிமை குடிமக்களுக்கே உண்டு. நிரந்தரவாசத் தகுதி பெற்ற கணவனும் மனைவியும், அத்தகுதி கிடைத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே, மறுவிற்பனைக்கு வரும் வீட்டை வாங்கலாம். அப்போதும் ஒரு வரம்பு உண்டு. பல இனத்தாரும் கலந்து வாழவேண்டும் என்னும் நோக்குடன், ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என 1989-ல் விகிதம் வகுத்தனர். அது நிரம்பிய கட்டடத்தில் நாம் விரும்பிய வீடு கிடைக்காமற் போகலாம்.

வேலை அனுமதியுடன் புதிதாகச் செல்பவருக்கு எஞ்சுவது தனியார் கட்டிய அடுக்குமாடி வீடு. அதற்குத் தடையில்லை, ஆனால் வரி உண்டு. 2023 ஏப்ரல் முதல், வீடு வாங்கும் வெளிநாட்டவர் வழக்கமான முத்திரை வரியுடன், விலையில் நூற்றுக்கு 60 விழுக்காட்டைக் கூடுதல் வரியாகச் செலுத்தவேண்டும். பத்து லட்சம் வெள்ளி மதிப்புள்ள வீட்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி இவ்வரிக்கே போகும். அதே மனிதர் நிரந்தரவாசியாகி முதல் வீட்டை வாங்கினால், இக்கூடுதல் வரி 5 விழுக்காடுதான். பொறுமைக்கு இதைவிடப் பெரிய வட்டி எந்த வங்கியில் கிடைக்கும்?

இனிக் காரின் கதையைக் கேளுங்கள். நம் நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர்ச் சோதனை செய்து புதுப்பிக்கலாம். சிங்கப்பூரில் காரின் விலையைத் தவிர, அதை வைத்துக்கொள்ளும் உரிமைக்கே தனி விலை உண்டு. 1990-ல் ஏற்பட்ட முறை இது. உரிமைச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் மாதம் இருமுறை ஏலத்துக்கு வருகின்றன. ஒரு சான்றிதழ் பத்து ஆண்டுகளே செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்குரிய சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அதைப் பத்து ஆண்டுகளின் நாட்களால் வகுத்துப் பாருங்கள். கார் ஓடினாலும் நின்றாலும் நாளொன்றுக்கு 27 வெள்ளி கரைகிறது! பதிவுக் கட்டணமும், நெரிசல் சாலைகளில் 1998 முதல் மின்னணு முறையில் பெறப்படும் கட்டணமும் வேறு.

இதைக் கொடுமை என்று கூறிவிடலாகாது. சிறு தீவில் எல்லாரும் கார் வைத்துக்கொண்டால் நடக்கவும் இடம் இராது. காருக்கு விலையை உயர்த்திய அந்நாடு, 1987 முதல் விரைவு ரயிலையும் ஓடவிட்டு மக்களுக்கு மாற்றுவழி காட்டியுள்ளது.

இக்கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுத்தேன். அவன் நெடுநேரம் பார்த்தான். "வீட்டின்மேல் உங்களுக்குள்ள பற்றினால் சொல்கிறீர்களோ என்று நினைத்தேன், அப்பா" என்றான். பற்று இல்லை என்று நான் கூறவில்லை. கூறினால் அது பொய்யாகும். "பற்றை ஒதுக்கிவிட்டே கணக்கிட்டேன். நீ வாடகை வீட்டில் இரு. ரயிலில் போய் வா. அந்நாடு உன்னை ஏற்று, நீயும் அந்நாட்டை ஏற்றபின் பணம் வேண்டுமென்றால், நானே கையெழுத்திடுகிறேன்" என்றேன். அவன் அவ்வாறே செய்தான். இப்போது அங்கே வாடகை வீட்டில் இருக்கிறான்.

வேறு நாடுகளில் விதிகள் வேறாக இருக்கலாம். ஆயினும் புறப்படுமுன் கேட்கவேண்டிய வினாக்கள் ஒன்றே. வாங்கும் உரிமை எனக்கு உண்டா? அது எத்தனை ஆண்டுக்கு? விலைக்குமேல் வரி எவ்வளவு? வேலை போய்விட்டால் விற்றுவர இயலுமா? இந்நான்கிற்கும் விடை தெரியாமல் முன்பணம் கொடுப்பது ஆழம் அறியாமல் காலை விடுவதாகும்.

எங்கள் அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பெரிய ஆலமரம் ஒன்று உண்டு. அதன் அடிமரம் 1989-ல் புயற்காற்றில் சாய்ந்தது. ஆயினும் மரம் அழியவில்லை. முன்னமே மண்ணில் ஊன்றிய விழுதுகள் அதைத் தாங்கிக்கொண்டன. கடல் கடந்து செல்லும் இளைஞர்களுக்கு நான் சொல்வதும் அதுவே. விழுது முதலில் மண்ணைத் தொடட்டும். அடிமரத்தைப்பற்றிப் பின்னர் எண்ணலாம்.