மெய்ரியோனித்: ஒரு பள்ளத்தாக்கும் அதன் சபைகளும்

பிரித்தானியாவின் மேற்குப் புறத்திலுள்ள வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் மெய்ரியோனித் என்றொரு மலைப்பிரதேசம் இருக்கின்றது. 893 மீற்றர் உயரமான கடேர் இட்ரிஸ் மலை அங்கேதான். மழைக்குக் குறைவில்லை, மண்ணோ ஆழமற்றது. ஆகவே பயிர்ச்செய்கையை விடச் செம்மறியும் மாடும் வளர்ப்பதே கமக்காரரின் பிழைப்பு. பாலா என்ற சிறு பட்டினத்தின் அருகே வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரி உண்டு. அதனூடாக டீ ஆறு ஓடுகின்றது. ட்ரவெரின் என்ற சிற்றாறு அங்கு அதனுடன் சேருகின்றது.

ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கபெல் கெலின் என்ற கிராமம் இருந்தது. பாடசாலை, தபாற்கந்தோர், சிற்றாலயம், சுற்றிவரக் கமங்கள். மக்களின் பேச்சு வெல்ஷ் மொழி. 1950களில் இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகர சபை, தனக்குத் தண்ணீர் வேண்டி அங்கே அணை கட்டத் தீர்மானித்தது.

வேறு நாட்டு மாநகர சபை இந்தக் காணியை எப்படி எடுக்கலாம் என்று கேட்பீர்கள். வழமையாக அவ்விடத்து உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். லிவர்பூல் அதைக் கேட்கவில்லை. நேரே இலண்டன் பாராளுமன்றத்துக்குப் போய்த் தனியான சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1956 நவம்பரில் கிராமத்தவர் லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். வேல்ஸ் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். ஆனால் மொத்தச் சபையில் அவர்கள் சிறு தொகையினரே. 1957இல் சட்டம் நிறைவேறியது. பள்ளத்தாக்கிலிருந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். சுமார் 800 ஏக்கர் நீரில் மூழ்கியது. சில குடும்பங்கள் தம்மவரின் உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தன. எஞ்சிய கல்லறைகள் மேல் கொங்கிறீற் போடப்பட்டது. 1965 ஒக்டோபரில் அணை திறக்கப்பட்டது. லிவர்பூல் மாநகர சபை மன்னிப்புக் கேட்டது 2005இல், நாற்பது வருடம் கழித்து.

பின்னர் சபைகளும் மாறின. 1974 ஏப்ரலில் மெய்ரியோனித், குவினெத் மாவட்டத்தின் கீழ் ஒரு பிரதேச சபையாயிற்று. அப்போதே கிழக்கே ஒரு பகுதி வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. 1996 ஏப்ரலில் அந்தப் பிரதேச சபையும் கலைக்கப்பட்டது. குவினெத்துக்கு இப்போது ஒரே பெரிய சபை. அதன் தலைமையகம் கார்நார்வன் நகரில். கிராம மட்டத்தில் சிறு சமூக சபைகள் உண்டு, அதிகாரம் மிகச் சொற்பம்.

நீர்த்தேக்கம் இருப்பது தேசிய பூங்கா எல்லைக்குள். ஆகவே அங்கே இன்று கொட்டில் ஒன்று போடவும் கமக்காரர் பூங்கா அதிகார சபைக்கே விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைக்கும் பிள்ளைகள் போகும் வீதிக்கும் கார்நார்வனுக்கு எழுத வேண்டும்.