ஆகாயம் யாருடைய சொத்து?

1995-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டார் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறினர். வழக்கின் மூலம் அற்பமானது. ஒரு கிரிக்கெட் பந்தயத்தை ஆகாய மார்க்கமாக ஒளிபரப்ப வங்காளத்துக் கிரிக்கெட் சங்கத்தாருக்கு உரிமை உண்டா, இல்லையா என்பதே தகராறு. முடிவோ அற்பமானதன்று. ஆகாயத்தில் உலவும் ரேடியோ அலைகள் பொதுச் சொத்து என்றும், பொதுஜன நன்மையை முன்னிட்டே ஒரு பொது ஸ்தாபனம் அவற்றின் உபயோகத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் நீதிபதிகள் தீர்மானித்தனர்.

பொதுச் சொத்து என்று சொல்லிவிடுவது சுலபம். ஏரியும், மேய்ச்சல் நிலமும், கோயில் மானியமும் பொதுச் சொத்துக்களே. அவை பொது என்ற பெயரோடு இருந்துகொண்டே நாலு பேருடைய பட்டாவாக மாறிய கதை, வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்குப் புதிதல்ல. கண்ணுக்குத் தெரியும் ஏரிக்கே இக்கதியானால், கண்ணுக்குத் தெரியாத அலைக்கு என்ன கதி நேரும்? ஆகையால் இச்சொத்தின் இயல்பைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது அரசியலில் ஈடுபட்டோர் அனைவருக்கும் கடமையாகிறது.

அலை நிலத்தைப்போல் தேய்வதில்லை, நீரைப்போல் வற்றுவதில்லை. ஒருவன் உபயோகித்து விட்ட அலைவரிசை மறு நிமிஷம் புத்தம் புதிதாகவே இருக்கும். ஆயினும் அது எல்லைக்குட்பட்டது. ஓரிடத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் பேசப் புகுந்தால் இருவர் பேச்சும் கேளாது. ஆகவே ஒருவனுக்குக் கொடுப்பது மற்றொருவனுக்கு மறுப்பதேயாகும். அன்றியும், இன்று வீணான அலையை நாளைக்கென்று சேமித்து வைக்கவும் இயலாது.

இவ்வலைகளெல்லாம் ஒரே குணம் உடையவையும் அல்ல. நீண்ட அலை பூமியை ஒட்டித் தவழ்ந்து செல்லும். மத்திய அலை பகலில் மேலாகாயத்தின் அடித்தட்டில் உறிஞ்சப்பட்டு மடிகிறது. சூரியன் அஸ்தமித்ததும் அத்தட்டு கலைந்துவிட, அலை இன்னும் உயரே சென்று திரும்பி வருகிறது. பகலில் கேளாத தூரத்து நிலையம் இரவில் கேட்பதன் ரகசியம் இதுவே. செல்போனுக்கு உபயோகமாகும் சாண் நீளத்து அலைகள் சுவரையும் மரத்தையும் தாண்டுவதில் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். மிகக் குறுகிய அலையை மழையே மறித்துவிடும். இக்குணங்களை அறியாமல் பங்கீடு செய்பவன், நஞ்சை எது, புஞ்சை எது என்று பாராமல் நிலத்தைப் பாகம் பிரிப்பவனை ஒப்பான்.

அப்படிப் பாகம் பிரித்ததொரு கதையைக் கேளுங்கள். 1901 டிசம்பர் 12-ந் தேதி மார்க்கோனி இங்கிலாந்தின் மேற்குக் கோடியிலிருந்து அனுப்பிய சங்கேதம், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அதுமுதல், நீண்ட அலையே தூரத்திற்கு ஏற்றது, குறுகிய அலைக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் வேரூன்றியது. 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது ஆகாயத்தில் எழுந்த கூச்சலும் குழப்பமும் அமெரிக்கரைத் திடுக்கிட வைத்தன. அவ்வருஷமே அவர்கள் ஒரு சட்டம் செய்து, நல்ல அலைகளைக் கப்பலுக்கும் கடற்படைக்கும் ஒதுக்கினர். பொழுதுபோக்குக்காக ரேடியோ பழகிய வாலிபர்களை 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைகளுக்குத் துரத்தினர். ஒன்றுக்கும் உதவாத அலைகள்தாமே, பிள்ளைகள் வைத்துக்கொண்டு விளையாடட்டும் என்பது சட்டம் செய்தோர் எண்ணம்.

அந்தப் பிள்ளைகள் 1923 நவம்பரில், சுமார் 110 மீட்டர் அலையில், அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுடன் இருவழிப் பேச்சு நடத்திக் காட்டினர். பெரிய கம்பெனிகள் ஏராளமான பணத்தைக் கொட்டி, பிரம்மாண்டமான யந்திரங்களை நாட்டிச் செய்த காரியத்தை, வீட்டு மாடியில் ஒரு சிறு பெட்டி செய்து முடித்தது! காரணம் யாது? பூமியைச் சுற்றி உயரத்தில் மின்சாரத் தன்மையுடைய ஒரு படலம் இருக்க வேண்டும் என்று 1902-லேயே அமெரிக்காவில் கென்னெலியும், இங்கிலாந்தில் ஹெவிசைடும் ஊகித்திருந்தனர். 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் என்னும் ஆங்கில சாஸ்திரி, போர்ன்மவுத் ஒலிபரப்பு நிலையத்தின் அலையை ஆக்ஸ்போர்டில் பிடித்து, அது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலித்து வருவதை நிரூபித்தார். அதற்கும் மேலே வேறொரு படலம் இருப்பதையும் அவரே பின்னர் கண்டார். அயனி மண்டலம் என்று நாம் இன்று வழங்குவது இதுவே. இவ்வாராய்ச்சிக்காக அவருக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உதவாத அலை பொன்னாயிற்று. உடனே பெரியவர்கள் விழித்துக்கொண்டு குறுகிய அலைகளையும் பங்கு கேட்டனர். 1927-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மகாநாடு எந்தக் காரியத்துக்கு எந்த அலை என்று அட்டவணை வகுத்தது. அம்மகாநாட்டில் அன்னிய ஆட்சிக்கு உட்பட்ட தேசங்களின் சொந்தக் குரலுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

நமது தேசத்தில் ஆங்கில சர்க்கார் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தையும், 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஆகாயத்தைத் தங்கள் ஏகபோகமாக்கியிருந்தனர். அவ்வேலியை 1942 ஆகஸ்டு 27-ந் தேதி பம்பாயில் உஷா மேத்தா என்னும் இளம்பெண்ணும் அவருடைய தோழர்களும் தாண்டினர். காங்கிரஸ் ரேடியோ என்ற அவர்களுடைய இரகசிய நிலையம் வீடு மாறி வீடு மாறி, நவம்பர் 12-ந் தேதி போலீசார் கையில் சிக்கும்வரை பேசிற்று. அது பேசிய அலை 42.34 மீட்டர். 1912-ல் உதவாதென்று ஒதுக்கித் தள்ளிய வட்டாரத்தைச் சேர்ந்ததே அது என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

சட்டம் அன்னியருடையதாயிருந்தும் சாஸ்திரத்தில் நம்மவர் பின்தங்கவில்லை. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லாமலே மணியை அடித்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகளை உலகத்துக் கம்பெனிகள் நூறு வருஷத்துக்குப் பின்பே தேடத் தலைப்பட்டன. கல்கத்தா சர்வகலாசாலையில் சிசிர் குமார் மித்ரா 1930 முதல் அயனி மண்டலத்தை அளந்துவந்தார். தேசத்துக்கு ஒரு ரேடியோ ஆராய்ச்சி ஸ்தாபனம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தி வந்ததன் பலனாக, 1942-ல் அவர் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டது. மேலாகாயத்தைப் பற்றி 1947-ல் அவர் வெளியிட்ட பெருநூல் அயல் நாட்டாரும் கைக்கொண்ட நூலாயிற்று.

இவ்வாராய்ச்சியை அயலார் செய்துவிட்டார்களே, நாம் வேறு செய்வானேன் என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்வோம். பூமியின் காந்த மத்திய ரேகை இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அந்த ரேகைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்காலத்தில் ஒரு மின்சார ஓட்டம் ஆறுபோல் பாய்கிறது. அஸ்தமனத்துக்குப் பின் மேல் படலத்தில் குமிழிகள் கிளம்பி, விண்கோள்களிலிருந்து வரும் அலைகளைக் கலக்கிவிடுகின்றன. இலண்டனில் அளந்தால் இவை புலப்படா. தும்பாவில் 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் எய்ததும், திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆராய்ச்சிக் கூடம் அமைந்ததும் இடத்தின் இந்த விசேஷத்தால்தான். விமானங்களுக்கு வழிகாட்ட ககன் என்னும் ஏற்பாட்டை நம்மவர் அமைத்தபோது, அமெரிக்கர் தங்கள் ஆகாயத்துக்கென்று செய்த கணக்கு இங்கே போதவில்லை. நமது அயனி மண்டலத்துக்கென்று தனிக் கணக்கு வகுக்க நேர்ந்தது. சொந்த ஆகாயத்தை அளவாதிருந்தால் அதையும் கடன் வாங்கியிருப்போம்; விமானிகள் அதன் வட்டியைக் கட்டியிருப்பார்கள்.

இனிப் பங்கீட்டுக்கு வருவோம். சர்வதேச விதியின் பெரும்பகுதி யாதெனில், முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது. முன்னதாகப் பதிவு செய்து உபயோகிக்கத் தொடங்கிய தேசத்துக்குப் பின்னர் வருபவர் இடையூறு செய்யலாகாது. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ஆசிய, ஆப்பிரிக்க தேசங்கள் இதை எப்படி ஒப்பும்? பந்தயத்துக்கு அழைக்கு முன்னரே பந்தயம் முடிந்துவிட்டதே! அவர்களுடைய கிளர்ச்சியால், அலைகளும், பூமியோடு ஒத்துச் சுழலும் விண்கோள்களின் பாதையும் எல்லைக்குட்பட்ட இயற்கைச் செல்வங்கள் என்றும், யாவருக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்றும் 1973-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு உடன்படிக்கையில் எழுதப்பட்டது. சில அலைவரிசைகளில் ஒவ்வொரு தேசத்துக்கும் இடம் ஒதுக்கியும் வைத்தனர். எஞ்சியவற்றில் பழைய விதியே நிலைத்தது. டோங்கா என்னும் சின்னஞ்சிறு தீவு ராஜ்யம், பெரியவர்களுடைய அதே விதியைக் கையிலெடுத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு விண்கோளும் இல்லாதபோதே 16 இடங்களுக்கு விண்ணப்பித்தது. பெரியவர்கள் கூக்குரலிட்டனர், தகராறு முடிந்தபோது ஆறேழு இடங்கள் அதற்குக் கிடைத்துவிட்டன. விதியைச் செய்தவர்களுக்கு அன்றுதான் விதியின் அழகு தெரிந்தது.

உலக சபைகளில் இவ்விதியை எதிர்த்து வாதாடிய தேசங்களில் நம்முடையதும் ஒன்று. அந்தோ! வீட்டுக்குள் நாம் செய்தது என்ன? 2008 ஜனவரி 10-ந் தேதி டில்லியில் தொலைத்தொடர்பு இலாகா அதே விதியைக் கையாண்டது. மத்தியானத்துக்கு மேல் ஓர் அறிவிப்பு; சிறிது நேரத்துக்குள் வந்து கடிதம் பெற வேண்டும்; எவர் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்கு முதல் உரிமை. தேசம் முழுமைக்கும் உரிய லைசென்ஸுக்கு விலை 1,658 கோடி ரூபாய். அது 2001-ல் ஏற்பட்ட விலை. இடையிலிருந்த ஏழு வருஷத்தில் கையில் செல்போன் இல்லாதவர் அருகிவந்ததை இலாகா கணக்கில் கொள்ளவில்லை. 2012 பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் 122 லைசென்ஸுகளை ரத்துச் செய்தனர். முந்தியவருக்கு முதலிடம் என்பது தற்செயலை நம்பிய முறை, அதன் அடிப்படையே பழுதானது என்பது அவர்கள் கருத்து. குற்ற வழக்கில் எதிரிகள் அனைவரையும் 2017 டிசம்பரில் தனிக் கோர்ட்டு விடுதலை செய்தது உண்மை. ஆனால் குற்றம் நிரூபணமாகாமை வேறு, பங்கீட்டு முறையின் நியாயம் வேறு.

ஏலம் விட்டால் எல்லாம் சரியாய்விடுமா? நாம் அப்படிக் கருதவில்லை. அதே 2012 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டாரே, எல்லா இயற்கைச் செல்வத்துக்கும் ஏலம் ஒன்றே வழி என்பதல்ல என்று விளக்கினர். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கதி இதற்கு உதாரணம். சுமார் 43 சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வலை தூரம் செல்லும், சுவரைத் துளைக்கும். குறைந்த கோபுரங்களைக் கொண்டு கிராமங்களை எட்டுவதற்கு இதைவிடத் தக்கது அரிது. சர்க்கார் 2016-ல் மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் அடிவிலை வைத்தனர். வாங்குவாரில்லை. 2021-லும் விலை போகவில்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறக்கியபின் ஒரே ஒரு கம்பெனி வாங்கிற்று. பொக்கிஷத்தை நிரப்பும் ஆசையால் ஆறு வருஷ காலம் கிராமத்தான் இழந்த பேச்சுக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

தற்போது இவ்வழக்கு ஆகாயத்தில் இன்னும் மேலே ஏறியிருக்கிறது. தாழ்ந்த பாதைகளில் ஆயிரக்கணக்கான விண்கோள்களை ஒரு சில அயல்நாட்டுக் கம்பெனிகள் நிறுத்தி வருகின்றன. அங்கேயும் முந்தியவருக்கே முதலிடம். பெயருக்குப் பதிவு செய்துவிட்டு இடத்தை அடைத்து வைப்பதைத் தடுக்க 2019-ல் ஒரு சர்வதேச விதி செய்தனர். விதித்த காலத்துக்குப் பின் 2 வருஷத்துக்குள் 10 சதவிகிதம், 5 வருஷத்துக்குள் பாதி, 7 வருஷத்துக்குள் முழுவதும் விண்கோள்களை ஏற்ற வேண்டும் என்பது அது. பணமுள்ளவனுக்கு இது வேலியல்ல, ஏணி. நமது 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய ஆங்கிலச் சட்டங்களின் ஸ்தானத்தில் வந்தது. விண்கோள் சேவைகளுக்கு ஏலமின்றியே அலை ஒதுக்க அது இடந்தருகிறது. வருமானத்தில் 4 சதவிகிதம் கட்டணம், 5 வருஷக் காலவரை என்று 2025 மே மாதத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தார் சிபார்சு செய்தனர்.

ஏலமின்மையை நாம் ஆட்சேபிக்கவில்லை. விண்கோள் அலையைப் பலர் பங்கிட்டு உபயோகிக்கலாகும். காலவரை குறுகியதாயிருப்பதையும் வரவேற்கிறோம். இன்று அற்பமென்று தோன்றும் அலை பத்து வருஷத்தில் என்ன விலை பெறும் என்பதை 1912-ல் எவரும் அறிந்திருக்கவில்லை, 2008-ல் அறிந்தவர்கள் சொல்லவில்லை. நாம் கேட்பது இரண்டே. முதலாவது, ஒதுக்கும் ஒவ்வோர் அலைவரிசையும் யாருக்கு, என்ன நிபந்தனையில், எந்தத் தேதிவரை கொடுக்கப்படுகிறது என்பதைப் பொதுஜனங்கள் படித்தறியும் வண்ணம் சர்க்கார் வெளியிட வேண்டும். இரண்டாவது, தவணை முடிந்ததும் புதுப்பிக்குமுன், அந்த அலையை அவர்கள் எங்கெங்கு, எவ்வளவு உபயோகித்தார்கள் என்பதைக் கம்பெனியின் கணக்கைக்கொண்டு தீர்மானியாமல், சர்க்காரின் சொந்தக் கருவிகளைக்கொண்டு அளந்து பார்க்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர்கள் கல்கத்தாவிலும் டில்லியிலும் கிருஷ்ணாபுரத்திலும் இருக்கிறார்கள்.