விளக்கு எரிகிறது, பழுது எங்கே?

டேஷ்போர்டில் மஞ்சள் நிற 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தால், ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனருக்கு முன்பே ஸ்கேனர் வெளியே வரும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் அதைச் செருகினால், திரையில் ஓர் எண் தோன்றும். ஓபிடி-2 எனப்படும் இந்த ஏற்பாடு புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. அமெரிக்காவில் 1996 முதலும் இந்தியாவில் 2013 முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயம். எண் கிடைத்தால் பழுதும் அகப்பட்டுவிட்டதாக நினைக்கிறோம். வீண்செலவு தொடங்குவது அங்கேதான்.

'பி0171' என்ற எண்ணைப் பாருங்கள். என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து ஈசியூ எனும் கணினிக்குச் சொல்கிறது. கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், தன் எல்லையைத் தொட்டதும் இந்த எண்ணைப் பதிகிறது. காற்றுக்குழாயில் விரிசல் விழுந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். எதையும் சோதிக்காமல் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, தூது வந்தவனைத் தண்டிக்கும் கதை.

ஒயரிங் பழுது இன்னும் படுத்தும். பல சென்சார்கள் ஈசியூ தரும் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்வதுண்டு. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால், நல்ல சென்சார்களின் பெயரிலும் எண்கள் வரிசைகட்டும். எலி கடித்த ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். விளக்கையோ மோட்டாரையோ ஓடவிட்டு அளந்தால்தான் வோல்ட் சரிவது தெரியும். வண்டி குலுங்கும்போதோ சூடேறும்போதோ மட்டும் வரும் பழுது, மெக்கானிக்கின் முன்னால் வரவே வராது.

காரில் கணினி ஒன்றல்ல. என்ஜின், பிரேக், ஏர்பேக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' முறையில், முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியே அவை பேசிக்கொள்கின்றன. அந்த இணைப்பின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். பல கார்களில், பேட்டரியைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. அளக்கச் சில நிமிடம் போதும். அறுந்த இடத்தைத் தேட சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். கூலி ஏறுவது இப்படித்தான்.

சரி, ஈசியூவையே மாற்றிவிட்டால்? புதியதற்கு அந்த வண்டிக்கேற்ற புரோகிராமிங் வேண்டும். பழைய கார் உதிரிக் கடையில் வாங்கியதைப் பொருத்தினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்காமல் என்ஜினை முடக்கிவிடலாம். பழுது வேறிடத்தில் இருந்தால் அத்தனை செலவும் வீண். பிரித்துப் பொருத்திய எலக்ட்ரானிக் பாகத்தைக் கடைக்காரர் திரும்ப வாங்குவதும் அரிது.

ஆகவே எண்ணை அழிக்கும் முன் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது பதிவானபோதிருந்த வேகம், என்ஜின் சூடு போன்றவற்றையும் ஈசியூ சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அவையும் போய்விடும். அடுத்து, "இந்தப் பாகம் கெட்டதென்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேளுங்கள். அளந்து பார்த்த மெக்கானிக்கிடம் அதற்குப் பதில் இருக்கும். அவர் செலவிட்ட நேரத்துக்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.