2, 4, 6: நம்ம நினைப்பை நாமே டெஸ்ட் பண்றது எப்படி?

இன்னைக்கு ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். 2, 4, 6. இந்த மூணு எண்களும் என் மனசுல இருக்கிற ஒரு விதிக்குப் பொருந்தும். நீங்க வேற மூணு எண்கள் சொன்னா, பொருந்துதா இல்லையான்னு மட்டும் சொல்வேன். விதியை நீங்க கண்டுபிடிக்கணும்.

8, 10, 12? பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். "அப்போ ரெண்டு ரெண்டா கூடுது, சரியா?" தப்பு! ஏறுவரிசையில மூணு எண்கள் இருக்கணும், அவ்வளவுதான் விதி. 1, 2, 50 கூடப் பொருந்தும்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல வெளியிட்ட சோதனை இது. 29 பேர்ல 6 பேர்தான் முதல் தடவையே சரியா சொன்னாங்க. மத்தவங்க பெரும்பாலும் தங்களோட யூகத்துக்கு 'ஆமா' வர்ற எண்களையே கேட்டுட்டு இருந்தாங்க.

கோட் எழுதும்போது நான் இப்படிச் செய்ய மாட்டேன். எங்க உடையும்னு தேடித் தேடி டெஸ்ட் பண்ணுவேன். ஆனா என்னைப் பத்தின ஒரு நினைப்பை அப்படிச் சோதிச்சதே இல்லை.

நான் தமிழ் மீடியம். காலேஜ் முதல் வருஷ செமினார்ல யாரோ சிரிச்சாங்க. 'என் இங்கிலீஷ் யாருக்கும் புரியாது' என்ற நினைப்பு அன்னைக்கு உட்கார்ந்தது. வேலைக்கு வந்தும் அதுக்குச் சாட்சி சேர்த்தேன். நான் பேசினதும் அமைதியா இருந்தா சாட்சி. ஒருத்தர் போனைப் பார்த்தா சாட்சி. யாராவது பாராட்டினா? மரியாதைக்குச் சொல்றாங்கன்னு ஒதுக்கிட்டேன். ஒருமுறை டிசைன்ல ஒரு குறை தெரிஞ்சும் மீட்டிங்ல வாயைத் திறக்கலை. மூணு வாரம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டம் அதே இடத்துலதான் விழுந்தது.

அதுக்கப்புறம் டீம் சீனியர் ஒருத்தங்ககிட்ட போனேன். "நான் நல்லா பேசறேனா?"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வாங்க. அதனால, "நான் பேசறதுல எந்த இடம் உங்களுக்குப் புரியாம போகுது?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாங்க. "இங்கிலீஷ் பிரச்சனை இல்லப்பா. ரொம்ப வேகமா பேசற. முடிவை முதல்ல சொல்லு, காரணத்தை அப்புறம் சொல்லு" என்றார்கள்.

அதாவது, என் நினைப்பு முழுப் பொய்யும் இல்லை. சில சமயம் புரியாம போனது உண்மை. காரணம்தான் நான் நினைச்சது இல்லை. இது சரி பண்ணக்கூடிய காரணம்!

ஒரு நினைப்பு திரும்பத் திரும்ப வந்தா, அதோட சண்டை போட வேண்டாம். "இது தப்பா இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"னு மட்டும் கேட்டுப் பாருங்க. பதில் இல்லைன்னா, அதை நீங்க இன்னும் டெஸ்டே பண்ணலைன்னு அர்த்தம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.