நாணய உருட்டல்

நாணய உருட்டல் என்பது ஒரு நாணயத்தைக் கையின் புறப்பக்கத்தில் ஒரு விரலின் மேலிருந்து அடுத்த விரலின் மேலாகப் புரட்டி நகர்த்தும் கைத்திறன் ஆகும். சுட்டுவிரலில் தொடங்கும் நாணயம் சுண்டுவிரலை அடைந்ததும் விரலிடுக்கின் வழியே கீழே இறங்கும். அங்கே கட்டைவிரல் அதனை ஏந்தி, உள்ளங்கையின் அடியில் கொண்டு சென்று, தொடங்கிய இடத்திலேயே சேர்க்கும். இதில் பார்வையாளரிடமிருந்து எதுவும் மறைக்கப்படுவதில்லை. ஆகையால் இது கண்கட்டு வித்தை அன்று. வித்தைக்காரர்கள் தம் கைத்தேர்ச்சியைக் காட்டச் செய்யும் அலங்கார அசைவுகளுள் ஒன்றாகும். ஒரே கையில் இரண்டு முதல் நான்கு நாணயங்கள் வரை இடைவிடாது சுழலவிடுவது இதன் வளர்ந்த நிலையாகும்.

வரலாறு

ஆங்கிலத்தில் இவ்வசைவிற்கு "ஸ்டீப்பிள்சேஸ்" என்ற பெயரும் உண்டு. அது தடைகளைத் தாண்டி ஓடும் குதிரைப் பந்தயத்தின் பெயராகும். நாணயத்தை மையமாகக் கொண்ட மேடைக் கலையைப் பரப்பியவர்களுள் அமெரிக்கரான தாமஸ் நெல்சன் டவுன்ஸ் (1867–1938) முதன்மையானவர். "நாணயங்களின் அரசர்" என்று விளம்பரப்படுத்தப்பட்ட இவரது பெயரில் 1900-இல் நாணயக் கைத்திறன் பற்றிய நூல் ஒன்று வெளிவந்தது. 1952-இல் வெளியான ஜே. பி. போபோவின் "மாடர்ன் காயின் மாஜிக்" இத்துறையில் இன்றும் பயிலப்படும் நூலாகும்.

தமிழில் இத்தகைய கைத்திறன்கள் பொதுவாகச் செப்படி வித்தை எனப்படுகின்றன. செப்பு எனப்படும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்துக் காட்டும் வித்தையிலிருந்து இப்பெயர் எழுந்தது. பல பொருள்களை ஒரே நேரத்தில் கையாளும் திறனுக்கு இந்தியர்கள் ஐரோப்பாவிலும் பெயர் பெற்றிருந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் புகழ் பெற்ற ராமோ சாமி 1850-இல் இலண்டனில் இறந்தார். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821-இல் வெளியிட்ட "இந்திய வித்தைக்காரர்கள்" என்ற கட்டுரையில், ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை ஒருசேரச் சுழற்றியதை வியந்து எழுதியுள்ளார்.

ஒரு நாணயத்தை உருட்டும் முறை

கையை இறுக்கமின்றி மடக்கி, விரல்களின் புறப்பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். விரல் முட்டிக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட தட்டையான பகுதியே நாணயம் நகரும் பாதையாகும். ஒரு சுற்று ஐந்து படிகளைக் கொண்டது.

1. கட்டைவிரல் நாணயத்தைச் சுட்டுவிரலின் மேல் தள்ளி வைக்கிறது.
2. நடுவிரல் சற்றே உயர்ந்து, நீட்டிக்கொண்டிருக்கும் நாணய விளிம்பை அழுத்துகிறது. நாணயம் இரு விரல்களுக்கிடையே நிமிர்ந்து, நடுவிரலின் மேல் புரள்கிறது.
3. மோதிரவிரல் அவ்வாறே விளிம்பைப் பற்றித் தன் மேல் புரட்டிக்கொள்கிறது.
4. சுண்டுவிரல் விளிம்பைப் பற்ற, நாணயம் மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் நிமிர்ந்து நிற்கிறது.
5. கட்டைவிரல் கீழிருந்து வந்து, இடுக்கில் இறங்கும் நாணயத்தைத் தன் நுனியில் ஏந்திச் சுட்டுவிரலை நோக்கித் திரும்புகிறது.

நாணயத்தைத் தூக்கிப் போடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழுத்தப்பட்ட விளிம்பு தாழ எதிர் விளிம்பு உயர்வது நெம்புகோலின் இயக்கத்தை ஒத்தது. விரலை எவ்வளவு குறைவாக உயர்த்துகிறோமோ அவ்வளவு சீராக நாணயம் புரளும்.

மோதிரவிரலின் இடர்ப்பாடு

கற்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் படியில் தடைப்படுவர். இதற்குக் கையின் உடற்கூறே காரணமாகும். விரல்களை நிமிர்த்தும் பொதுத் தசை ஒன்று முன்கையில் உள்ளது. அதிலிருந்து நான்கு விரல்களுக்கும் தசைநாண்கள் செல்கின்றன. இத்தசைநாண்கள் புறங்கையில் குறுக்கு இழைகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இதைத் தவிரத் தனித்தனி நிமிர்த்துதசைகள் உண்டு. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் பொதுவாக அவை இல்லை.

இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். நடுவிரலை உள்ளே மடக்கி, ஏனைய விரல்களின் நுனி படுமாறு கையை மேசையின் மேல் ஊன்றி, விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். மோதிரவிரல் மட்டும் ஏறக்குறைய அசையாது நிற்கும். ஆகையால் மூன்றாம் படியில் விரலை உயர்த்த முயல்வதை விட, நடுவிரலைச் சற்றுத் தாழ்த்தி நாணயத்தை மோதிரவிரலை நோக்கிச் சாய்ப்பதே பயனளிக்கும்.

இரண்டு நாணயங்கள்

பல நாணயங்களை உருட்டுவதற்கு விரல்கள் மிக வேகமாக இயங்க வேண்டும் என்று கருதப்படுவதுண்டு. உண்மையில் எல்லையை வகுப்பது கட்டைவிரலே ஆகும். மேலே மூன்று இடுக்குகள் உள்ளன. கீழே நாணயத்தைத் திருப்பிக் கொணர ஒரு விரல் மட்டுமே உள்ளது.

ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்ணிக்கை எனக் கொண்டால், ஒரு சுற்று கண்ட நடையின் "தக தகிட" என்னும் ஐந்து அட்சரங்களில் அடங்கும். இதில் ஒரு நாணயத்திற்குக் கட்டைவிரல் இரண்டு எண்ணிக்கைகள் (5, 1) தேவைப்படுகிறது. முதல் நாணயம் மூன்றாம் படியில் இருக்கும்போது இரண்டாம் நாணயம் முதல் படியில் நுழைந்தால், கட்டைவிரலின் பணிகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஐந்தில் நான்கு எண்ணிக்கைகளில் அது பணியில் இருக்கும். முதல் நாணயத்தின் நான்காம் படியில் மட்டும் ஓய்வு கிடைக்கும். இரண்டாம் நாணயத்தை முதன்முறை மற்றக் கையால் கட்டைவிரலின் மேல் வைப்பது எளிது.

நாணயம் அதிகமாக விழும் இடம் முதல் நாணயத்தின் ஐந்தாம் படியாகும். அப்போது மோதிரவிரல் கீழிறங்கும் நாணயத்தை விடவும், நடுவிரலிலிருந்து வரும் நாணயத்தை வாங்கவும் வேண்டியுள்ளது. கட்டைவிரல் முதல் நாணயத்தை முழுமையாக ஏந்திய பின்னரே மோதிரவிரல் நகர வேண்டும்.

மூன்றும் நான்கும்

தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் (1916–2001) பந்து சுழற்றும் கலைக்கு ஒரு சமன்பாட்டை வகுத்தார். அது வருமாறு:

(பொருள் கைக்கு வெளியே உள்ள நேரம் + கையில் உள்ள நேரம்) × கைகள் = (கை வெறுமையாக உள்ள நேரம் + பொருள் கையில் உள்ள நேரம்) × பொருள்கள்

இங்கே "கை" என்பதன் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கலாம். நாணயம் கட்டைவிரலுக்கு வெளியே 3 எண்ணிக்கைகளும், அதனிடம் 2 எண்ணிக்கைகளும் இருக்கின்றன. இரண்டு நாணயங்களுக்கு இடப்பக்கம் 5. எனவே வெறுமை நேரம் நாணயம் ஒன்றுக்கு அரை எண்ணிக்கை. மூன்று நாணயங்களுக்கு வெறுமை நேரம் சுழியத்துக்கும் கீழே செல்கிறது. அதாவது, அதே முறையில் மூன்று நாணயங்களை உருட்டவே இயலாது.

இதற்கான தீர்வு, ஐந்தாம் படியையும் முதல் படியையும் ஒரே எண்ணிக்கையில் அடக்குவதாகும். அப்போது சுற்று நான்கு எண்ணிக்கைகளாகக் குறையும். மூன்று நாணயங்கள் உருளும்போது கட்டைவிரலுக்குச் சுற்றுக்கு ஓர் எண்ணிக்கை ஓய்வு கிடைக்கும். நான்கு நாணயங்களில் வெறுமை நேரம் முற்றிலும் சுழியமாகும். எல்லா நாணயங்களும் ஒரே கணத்தில் இடம் பெயர வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்வது ஒன்றிலிருந்து இரண்டுக்குச் செல்வதை விடக் கடினமாக இருப்பதற்கும், நான்கு ஓர் எல்லையாக அமைவதற்கும் இதுவே காரணம்.

கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மற்றொரு வழியாகும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டு நெசவில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் இயங்குவதால், நெசவாளருடன் ஓர் உதவியாளரும் தறியில் அமர்வது வழக்கம். நாணய உருட்டலில் இவ்வசதி இல்லை.

நாணயத் தேர்வு

நாணயம் விரலின் அகலத்தை விட நன்கு பெரிதாக இருந்தால்தான் அடுத்த விரல் பற்றுவதற்கு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மேலை நாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் அமெரிக்க அரை டாலர் 30.6 மி.மீ. விட்டமும் 11.34 கிராம் எடையும் கொண்டது. பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய் (11.66 கிராம், அதாவது ஒரு தோலா) ஏறக்குறைய அதே அளவினது.

இந்திய ஒரு ரூபாய் நாணயம் காலப்போக்கில் சிறுத்து வந்துள்ளது. 1992-இல் 25 மி.மீ. ஆக இருந்த அதன் விட்டம், 2011 வரிசையில் ஏறத்தாழ 22 மி.மீ. ஆகவும், 2019 வரிசையில் 20 மி.மீ. ஆகவும் குறைந்தது. இவ்விரு பிந்தைய வரிசைகளும் கற்பவருக்கு ஏற்றவை அல்ல. 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் பொருத்தமானது. இருபது ரூபாய் நாணயமும் அதே விட்டம் உடையதாயினும், பன்னிரு பக்கங்கள் கொண்டது. பல நாணயங்களைப் பயன்படுத்தும்போது அனைத்தும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும். எடை வேறுபட்டால் தாளம் குலையும்.

பயிற்சி

- விழும் நாணயம் உருண்டோடாதிருக்கப் பாய் அல்லது போர்வையின் மேல் அமர்ந்து பழகலாம்.
- ஒரே அமர்வில் நெடுநேரம் பயில்வதை விட, நாள்தோறும் சிலமுறை பத்து நிமிடங்கள் பயில்வது சிறந்தது.
- இசை மாணவர்கள் சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடுவது போல, முதற்காலத்தில் பிழையின்றி வந்த பின்னரே வேகத்தை இரட்டிக்க வேண்டும்.
- இரண்டாம் நாணயத்தைச் சேர்க்கும் முன், கட்டைவிரலின் மீள்பயணத்தைக் கண்ணால் பாராமலே செய்யப் பழக வேண்டும்.
- விரலிலோ முன்கையிலோ வலி தோன்றினால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். மோதிரவிரலின் பிணைப்பு உடலமைப்பு சார்ந்தது; வலிந்து இழுப்பதால் அது தளராது.