நீரிழிவின் வகையைத் தெளிதல்

ஒருவருக்கு நீரிழிவு நோய் உண்டா, இல்லையா என்பதை அறிதல் இந்நாளில் அரிய செயலன்று. இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையில் எடுக்கப்பெறும் இரத்தத்தின் பிளாஸ்மாவில் 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை காணப்பட்டு, மறு சோதனையிலும் அது உறுதிப்படுமாயின், நோய் உண்டு என மருத்துவர் முடிவு செய்வர். ஆனால், இதனை அடுத்து எழும் வினா அத்துணை எளிதன்று. அந்த நீரிழிவு எவ்வகையினது?

இவ்வினா பெயரளவில் நிற்பதன்று. சிகிச்சை முழுவதும் இதன் விடையையே சார்ந்துள்ளது. இன்சுலின் இன்றி உயிர் வாழ இயலாத ஒருவருக்கு மாத்திரைகளை மட்டும் கொடுத்துவந்தால், சில நாட்களிலேயே உயிருக்கு இறுதி நேரக்கூடும். மாறாக, ஒரு சிறு மாத்திரையே போதுமான ஒருவர், வகை தவறிக் கணிக்கப்பட்டமையால், வாழ்நாள் முழுதும் நாள்தோறும் ஊசி குத்திக்கொள்ளும் நிலையும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடி மக்கள் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையைச் சார்ந்தவர்கள். பெரும்பான்மை இவ்வாறிருத்தலாலேயே ஏனைய வகையினர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்து விடுகின்றனர்.

வகைகள் பிறந்த வரலாறு

நீரிழிவு ஒரே நோயன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பிறவியிலேயே அமைவது ஒன்று, தகாத உணவினாலும் ஒழுக்கத்தினாலும் வருவது மற்றொன்று எனச் சுசுருத சம்ஹிதை இருவகையாகப் பிரிக்கின்றது. முன்னதை உடையவர் மெலிந்தவர் என்றும், பின்னதை உடையவர் பருத்தவர் என்றும் அந்நூல் குறிப்பது வியக்கத்தக்கது.

1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்ட்டிங், பெஸ்ட் என்போர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. நீரிழிவு என்பது இன்சுலின் குறைவு என்னும் கருத்து அதனால் வேரூன்றியது. ஆயினும், 1936இல் இலண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்னும் மருத்துவர், நோயாளிகளுள் சிலரது உடல் இன்சுலினுக்கு உடனே இணங்குவதையும், வேறு சிலரது உடல் இணங்க மறுப்பதையும் சோதனையால் காட்டினார். இன்று முதல் வகை, இரண்டாம் வகை என வழங்கப்பெறும் பிரிவினைக்கு இதுவே அடிப்படையாயிற்று.

முதல் வகையில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பு ஆற்றல், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களையே பகையெனக் கொண்டு அழித்துவிடுகின்றது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கின்றது. ஆனால் தசையும் கல்லீரலும் அதன் ஆணைக்குச் செவ்வனே பணிவதில்லை. நாளடைவில் சுரப்பும் தளர்கின்றது.

ஒரே தோற்றம், பல நோய்கள்

குழந்தைக்கு வந்தால் முதல் வகை, முதியவருக்கு வந்தால் இரண்டாம் வகை என்று எண்ணுவது பழைய வழக்கம். இக்கணக்கு இன்று பொருந்துவதில்லை. முதல் வகை எந்த வயதிலும் தோன்றக்கூடும். இரண்டாம் வகையோ, நம் நாட்டில் மேனாடுகளைவிட இளம் வயதிலேயே, அத்துணைப் பருமனில்லாத உடலிலும் தோன்றக் காண்கின்றோம்.

24 வயதுடைய இளைஞர் ஒருவர் மருத்துவரிடம் வருவதாகக் கொள்வோம். மெலிந்த உடலினர், மிகுந்த தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிதலும், எடை குறைதலும் உடையவர். இரத்தச் சர்க்கரை 320 மில்லிகிராம். இவருக்கு வந்துள்ளது எது? ஐந்து விடைகள் கூடும்.

முதலாவது, முதல் வகை நீரிழிவு. இரண்டாவது, இளமையில் தோன்றிய இரண்டாம் வகை. மூன்றாவது, கணையத்தில் கற்கள் தோன்றி அவ்வுறுப்பே சிதைவதால் விளையும் நீரிழிவு. கேரளப் பகுதியில் இதனை விரிவாக ஆராய்ந்த மருத்துவர் கீவர்கீஸ் 1968இல் இது குறித்துத் தனி நூலே வெளியிட்டார். நான்காவது, ஒரேயொரு மரபணுவில் நேர்ந்த மாறுதலால் தலைமுறை தலைமுறையாக வரும் நீரிழிவு. ஐந்தாவது, இளமை முதல் ஊட்டமின்றி வளர்ந்தோரிடம் காணப்படும் நீரிழிவு.

இறுதியிற் கூறிய வகையின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1955இல் ஜமெய்க்காத் தீவில் இதனையொத்த நோயாளிகளை ஹியூ-ஜோன்ஸ் என்பவர் விவரித்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1985இல் இதனைத் தனி வகையாக ஏற்று, சான்று போதாதெனக் கருதி 1999இல் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. பின்னர், வேலூரில் நடைபெற்று 2022இல் வெளியான ஆய்வு, இத்தகையோரிடம் இன்சுலின் சுரப்பு மிகக் குறைவென்றும், ஆயினும் உடல் இன்சுலினுக்கு நன்கு இணங்குகின்றதென்றும் காட்டிற்று. 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு ‘ஐந்தாம் வகை’ என்னும் பெயரை ஏற்றது. இம்முடிவினை அறிஞர் அனைவரும் ஒருமுகமாக ஒப்பினர் எனக் கூறவியலாது; எனினும், மெலிந்த ஏழை நோயாளி மீண்டும் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்துள்ளமை நன்றே.

வினாக்களே முதற்கருவி

விலையுயர்ந்த சோதனைகளுக்கு முன்னர், செலவில்லாத வினாக்கள் பலவற்றைத் தெளிவாக்கும். நோய் சில வாரங்களில் திடீரென வந்ததா, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்ததா? பெற்றோர், பாட்டன் பாட்டியர் ஆகியோருக்கு எந்த வயதில் நீரிழிவு வந்தது? சிறுவயதில் வயிற்றுவலி அடிக்கடி வந்ததுண்டா? மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதக்கின்றதா? தைராய்டு போன்ற வேறு சுரப்பி நோய்கள் குடும்பத்தில் உண்டா? ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொண்டதுண்டா?

இவற்றுடன் கீட்டோன் சோதனையும் உடனே செய்யத்தக்கது. இன்சுலின் அறவே இல்லாதபோது உடல், சர்க்கரையை விடுத்துக் கொழுப்பை எரிக்கின்றது. அதன் எச்சமாகிய கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். முதல் வகையில் இஃது எளிதில் நேரும்; கணையக்கல் நீரிழிவிலும் ஊட்டக்குறைவு நீரிழிவிலும், சர்க்கரை மிக உயர்ந்திருந்தும், அரிதாகவே காணப்படும். ஆயினும் இரண்டாம் வகையினர் சிலரிடமும் இது நேர்வதால், கீட்டோன் ஒன்றையே சான்றாகக் கொண்டு வகையை முடிவு செய்தல் ஆகாது.

எதிர்ப்பொருட்களும் சி-பெப்டைடும்

தற்காப்பு ஆற்றல் கணையத்தைத் தாக்கும்போது, இரத்தத்தில் அத்தாக்குதலின் சுவடுகளாகச் சில எதிர்ப்பொருட்கள் தோன்றுகின்றன. 1974இல் இவை முதன்முதலாக விவரிக்கப்பட்டன. இந்நாளில் ஜி.ஏ.டி. எதிர்ப்பொருளை முதலிலும், ஐ.ஏ.-2, துத்தநாகக் கடத்தி 8 ஆகியவற்றின் எதிர்ப்பொருட்களை அடுத்தும் சோதிப்பர். நோயின் போக்கும் ஒத்திருக்க இவை காணப்படின், முதல் வகை என்பது பெரிதும் உறுதியாகும். காணப்படாவிடினோ, முதல் வகை இல்லையென அறுதியிட்டுச் சொல்லவியலாது. முதல் வகையினருள் ஒரு சாராரிடம் இவை தோன்றுவதேயில்லை. இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சோதிப்பதாயின், ஊசி தொடங்குமுன் அல்லது தொடங்கிய சில நாட்களுக்குள் சோதித்தல் வேண்டும். பின்னர் ஊசி மருந்தே அதனைத் தோற்றுவித்துவிடும்.

முப்பது, நாற்பது வயதினருள் சிலர் மாத்திரைகளால் சில மாதங்களோ ஆண்டுகளோ நலமாக இருந்து, பின்னர் எம்மருந்துக்கும் கட்டுப்படாமற் போவதுண்டு. இவர்கள் உணவுக் கட்டுப்பாட்டை மீறியதாக வீட்டாரும் மருத்துவரும் குறை கூறுவர். உண்மையில், மெல்ல வளரும் முதல் வகையே இவர்களிடம் இருத்தல் கூடும். ஓர் எதிர்ப்பொருட்சோதனை இப்பழியை நீக்க வல்லது.

அடுத்த சோதனை சி-பெப்டைடு. கணையம் முதலில் உண்டாக்குவது இன்சுலினன்று. புரோஇன்சுலின் என்னும் நீண்ட சங்கிலி. சிகாகோவில் ஸ்டைனர் என்பவர் 1967இல் இதனைக் கண்டறிந்தார். இச்சங்கிலி அறுபடும்போது ஓர் இன்சுலினும் ஒரு சி-பெப்டைடும் சம அளவில் வெளிப்படுகின்றன. ஊசியில் செலுத்தும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆதலின், ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரிடத்தும் அவர்தம் கணையம் எவ்வளவு சுரக்கின்றது என்பதை இதனால் அளந்தறியலாம்.

ஆனால் இதற்குக் காலம் அறிதல் வேண்டும். நோய் தோன்றிய தொடக்கத்தில் முதல் வகையினரிடமும் ஓரளவு சுரப்பு எஞ்சியிருக்கும். மறுபுறம், மிக உயர்ந்த சர்க்கரை பீட்டா உயிரணுக்களைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்வதால், இரண்டாம் வகையினரிடமும் அளவு தாழ்ந்து காணப்படலாம். நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் இச்சோதனை தெளிவான விடை தரும். அப்போது ஒரு லிட்டரில் 200 பிக்கோமோலுக்குக் குறைந்தால் முதல் வகைக்குரிய கடுங்குறைவெனவும், 600க்கு மிகுந்தால் இரண்டாம் வகைக்குச் சார்பெனவும் கொள்வர். இடைப்பட்டோர்க்கு மறு சோதனை தேவை. இரத்தம் எடுக்கும் அதே வேளையில் சர்க்கரையையும் அளத்தல் வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது நலமான கணையமும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

எக்ஸ்-கதிரும் மரபணுவும்

மெலிந்த இளைஞருக்கு வயிற்றின் எக்ஸ்-கதிர்ப் படம் அல்லது ஒலியலைப் படம் எடுப்பது சிறு செலவே. முதுகெலும்பின் இருமருங்கும் கற்கள் வெண்புள்ளிகளாகத் தோன்றின் விடை கிடைத்துவிடும். இவர்களுக்கு இன்சுலினேயன்றி, உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளும் மருந்தாகத் தேவைப்படலாம். வகையை அறியாவிடின் அம்மருந்து கிட்டாது. உண்ட உணவு உடலில் ஒட்டாது.

இளமையிலேயே தோன்றி, ஒவ்வொரு தலைமுறையிலும் தொடர்ந்து, எதிர்ப்பொருள் இன்றி, இன்சுலின் சுரப்பு நெடுநாள் எஞ்சியிருக்குமாயின், மரபணுச் சோதனை செய்தல் நன்று. எச்.என்.எப்.-1-ஆல்பா என்னும் மரபணு பழுதுற்றோர்க்குச் சல்பனைல்யூரியா மாத்திரை சிறிய அளவிலேயே நற்பயன் அளிக்கின்றது. குளூக்கோகைனேஸ் மரபணு மாறியவர்களுக்குச் சர்க்கரை சற்றே உயர்ந்து, பெரிதும் ஏறாமல் நிற்கும். கருவுற்ற காலம் நீங்கலாக, இவர்களுக்கு மருந்து பெரும்பாலும் தேவையில்லை. பிறந்து ஆறு மாதத்திற்குள் நீரிழிவு தோன்றிய குழந்தை எதுவாயினும், அதற்கு மரபணுச் சோதனை இன்றியமையாதது. இத்தகைய குழந்தைகளிற் பலருக்குப் பொட்டாசியக் கால்வாய் ஒன்றின் மரபணு பழுதுற்றிருப்பது 2004இல் தெரியவந்தது. ஊசியே கதி எனக் கருதப்பட்ட அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாத்திரைக்கு மாறி நலமடைந்தமை 2006இல் வெளியிடப்பட்டது.

ஐயம் தீரும்வரை

சோதனை முடிவுகள் வருவதற்கு நாட்கள் ஆகலாம். அதுவரை நோய் காத்திருப்பதில்லை. ஆகவே, முதல் வகையாக இருக்கக்கூடும் என்னும் ஐயம் வலுவாயின், இன்சுலினை உடனே தொடங்குதலே பாதுகாப்பான வழி. பின்னர், அது தேவையில்லை எனத் தெரியவந்தால் மருத்துவரின் மேற்பார்வையில் குறைக்கலாம். இன்சுலின் தொடங்கியதனாலேயே ஒருவர் முதல் வகையினர் ஆகிவிடார். ஊசி வாழ்நாள் முழுதும் நீடிக்கும் என்பதும் இல்லை. ஆனால், வகை தெளியாத நிலையில், உறவினர் சொற்கேட்டோ விளம்பரம் கண்டோ தாமாகவே ஊசியை நிறுத்துதல் உயிருக்கு உலை வைப்பதாகும்.

நோயாளி செய்யத்தக்கவை சில உள. நோய் கண்ட நாள், அன்றைய சர்க்கரை அளவு, உடல் எடை, கீட்டோன் இருந்ததா என்பது, உட்கொண்ட மருந்துகளும் அவற்றின் பயனும், குடும்பத்தில் யார் யாருக்கு எவ்வயதில் நோய் வந்தது என்பது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். மருத்துவர் மாறினும் இக்குறிப்பேடு மாறாது உடன் வரும். மருந்து எதிர்பார்த்த பயனைத் தராவிடின், “எனக்குள்ளது எவ்வகை? அதற்குச் சான்று யாது?” என வினவ நோயாளிக்கு உரிமை உண்டு.

மேற்கூறிய 24 வயது இளைஞருக்கு முதல் நாளிலேயே உறுதியான விடை கிடைக்காமற் போகலாம். அதில் குற்றமில்லை. ஐயம் உள்ள இடத்தில் ஐயமென்றே எழுதி, உயிருக்குக் காவலாக இன்சுலினைக் கொடுத்து, சோதனைகளை முறைப்படி நிகழ்த்தி, காலம் காட்டும் சான்றுகளுக்கேற்ப முடிவைத் திருத்திக்கொள்ளுதலே அறிவியல் வழி. முதல் நாளில் எழுதப்பட்ட ஒரு சொல், மறு ஆய்வின்றி வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டிருக்க விடுதலே தவறு.